லாபத்தில் இயங்கும் நிறுவனத்தைக் கலைக்கலாமா?

கடனில் மூழ்கிய நிறுவனம் கலைக்கப்படுவது நமக்குப் பழகிப்போன செய்தி. வங்கிக்குத் தவறாமல் வட்டி கட்டி, தொழிலாளருக்கு மாதந்தோறும் ஊதியம் தந்து, ஆண்டு முடிவில் லாபமும் காட்டுகிற ஒரு நிறுவனத்தை, பங்குதாரர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்ற காரணத்துக்காகவே கலைத்துவிடுமாறு கோர முடியும் என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 271-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஒரு நிறுவனத்தைக் கலைப்பதே நியாயமும் சமநீதியும் ஆகும் என்று தேசிய நிறுவன சட்டத் தீர்ப்பாயம் கருதினால், அது எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் கலைப்புக்கு உத்தரவிடலாம்.

கடனைத் தீர்க்க இயலாமை என்ற காரணம் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்துக்குள் போய்விட்டது. ஆகவே, நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் இப்போது எஞ்சியிருக்கும் கலைப்பு வழக்குகளில் கணிசமானவை, கடன் சுமையால் அல்லாமல் உறவு முறிந்ததால் எழுபவை.

இது ஏதோ பெருநகரப் பெருமுதலாளிகளின் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையைக் கடந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை செல்பவர்கள், இரும்பு உருக்காலைகள், கம்பி உருட்டாலைகள், வார்ப்படத் தொழிற்கூடங்கள், உதிரிபாகப் பட்டறைகள், புதிதாக முளைத்திருக்கும் சரக்குக் கிடங்குகள் ஆகியவற்றைச் சாலையின் இருபுறமும் காண்பார்கள். இவற்றில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவை சிலவே. பெரும்பாலானவை 'பிரைவேட் லிமிடெட்' என்று பெயர்ப்பலகையில் எழுதப்பட்ட, ஆனால் உள்ளுக்குள் ஒரு குடும்பமாகவோ நண்பர் குழுவாகவோ இயங்கும் நிறுவனங்கள். தொடங்கியவர்களின் தலைமுறை ஓய்வுபெற்று, பிள்ளைகளின் கைக்கு நிர்வாகம் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. பிணக்குகள் முளைப்பதும் அப்போதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகவே வைத்துக்கொள்வோம். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வார்ப்படத் தொழிற்கூடம் தொடங்குகிறார்கள். ஒருவருக்கு 60 விழுக்காடு, மற்ற இருவருக்கும் தலா 20. மூவரும் இயக்குநர்கள், மூவருக்கும் ஊதியம். காலப்போக்கில் ஒருவர் தம் பங்கைப் பெரும்பான்மையாளரிடம் விற்றுவிட்டு ஒதுங்குகிறார். மூன்றாமவர் காலமாகிறார், அவருடைய 20 விழுக்காடு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வருகிறது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது என்ன? இயக்குநர் பதவி இல்லை, ஆகவே ஊதியமும் இல்லை. ஈவுத்தொகையை இயக்குநர் குழு பரிந்துரைத்தால் மட்டுமே அறிவிக்க முடியும். பரிந்துரைக்காவிட்டால் பங்குதாரர் வற்புறுத்த வழியில்லை. பங்கை வெளியாளிடம் விற்கலாம் என்றால், தனியார் நிறுவனத்தின் சங்க விதிகளே அதைக் கட்டுப்படுத்தும். விற்க அனுமதி கிடைத்தாலும், நிர்வாகத்தில் எந்தப் பேச்சும் இல்லாத 20 விழுக்காட்டைக் காசு கொடுத்து வாங்க எந்த அந்நியர் முன்வருவார்? தாளில் கோடிக்கணக்கில் மதிப்புள்ள சொத்து. கையில் ஒரு ரூபாய் இல்லை.

மறுபுறம், பெரும்பான்மையாளருக்கு லாபத்தை எடுத்துக்கொள்ளப் பல வாசல்கள் உண்டு. நிகர லாபத்தில் 11 விழுக்காட்டுக்கு மேல் நிர்வாகிகளுக்கு ஊதியமாகப் போகக் கூடாது என்ற வரம்பு பொது நிறுவனங்களுக்குத்தான். தனியார் நிறுவனத்துக்கு இல்லை. மகன் நடத்தும் கடையிலிருந்து பழைய இரும்பு வாங்கலாம். மனைவி பெயரில் உள்ள கட்டடத்துக்கு வாடகை கொடுக்கலாம். இப்படிப்பட்ட உறவினர் பரிவர்த்தனையில் ஆதாயம் உள்ள பங்குதாரர் அதற்கான தீர்மானத்தில் வாக்களிக்கக் கூடாது என்று சட்டம் தடுத்திருந்தது. 2015 ஜூன் 5 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, தனியார் நிறுவனங்களுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. தொழில் நடத்துவதை எளிதாக்குவது என்ற நோக்கம் சரியானதே. ஆனால், அந்த எளிமைக்கான விலையைக் கொடுப்பவர் யார் என்பதை அன்று எவரும் பெரிதாகக் கேட்கவில்லை.

சிறுபான்மைப் பங்குதாரருக்குச் சட்டம் தரும் முதன்மைத் தீர்வு, ஒடுக்குமுறைக்கும் நிர்வாகச் சீர்கேட்டுக்கும் எதிரான 241, 242-ஆவது பிரிவுகள். வழக்குத் தொடுக்கப் பத்தில் ஒரு பங்கு முதலீடு வேண்டும், அல்லது உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். பத்துப் பேருக்கு உட்பட்ட சிறு நிறுவனத்தில் ஒருவரே பத்தில் ஒரு பங்காகிவிடுவதால் இந்த வாசற்படி உயரமானது அன்று. கடினம் அதற்கு அப்பால் இருக்கிறது. தமக்கு ஒடுக்குமுறை இழைக்கப்பட்டது என்று காட்டினால் மட்டும் போதாது. நிறுவனத்தைக் கலைக்கும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது என்றும் காட்ட வேண்டும். அதே மூச்சில், கலைத்தால் தமக்கே அநியாயமாகப் பாதிப்பு ஏற்படும் என்றும் காட்ட வேண்டும். கலைப்பு என்ற கத்தி உறைக்குள் இருக்க, அதன் பிடியைக் காட்டித்தான் மற்ற நிவாரணங்களைப் பெற முடியும்.

இந்தச் சிந்தனை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1916-ஆம் ஆண்டின் எனிஜே புகையிலை நிறுவன வழக்கைச் சட்ட மாணவர்கள் அனைவரும் படிப்பார்கள். வெய்ன்பெர்க், ராத்மன் என்ற இரு சிகரெட் உற்பத்தியாளர்கள் சம உரிமையோடு ஒரு நிறுவனத்தை நடத்தினார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நிலை வந்து, நிறுவனச் செயலர் வழியாகவே பேசிக்கொண்டார்கள். லாபமோ முன்பைவிட அதிகமாக வந்துகொண்டிருந்தது. ஆயினும், உண்மையில் இது ஒரு கூட்டாண்மை, கூட்டாளிகளிடையே நம்பிக்கை செத்துவிட்டால் கூட்டாண்மை கலைவதே முறை என்று சொல்லி நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைத்தது. நம் உச்சநீதிமன்றம் இதே கோட்பாட்டை ஹிந்த் ஓவர்சீஸ் வழக்கில் ஏற்றது; ஆனால் குடும்ப நிறுவனம் என்பதாலேயே அதைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது என்ற எச்சரிக்கையோடுதான் ஏற்றது.

தமிழ்நாடு இந்தத் துறைக்கு அளித்த வழக்குகள் பல. அவற்றுள் மிக முக்கியமானது, என் பார்வையில், கோயம்புத்தூரின் ராமகிருஷ்ணன் இண்டஸ்டிரீஸ் வழக்கு. ஒரு குடும்பத்தின் பங்குதாரர் குழுக்களுக்கிடையே மனக்கசப்பு. ஒரு குழு, நியாயமும் சமநீதியும் என்ற அதே காரணத்தைச் சொல்லி, நிறுவனத்தைக் கலைக்கக் கோரி சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. அப்போது எவரும் எதிர்பாராத ஒரு தரப்பு கதவைத் தட்டியது. தொழிலாளர் சங்கங்கள், 'எங்களையும் கேட்க வேண்டும்' என்றன. பங்குதாரர், கடன் கொடுத்தோர், நிறுவனம் ஆகியோரைத் தவிர வேறு எவருக்கும் கலைப்பு வழக்கில் இடமில்லை என்பதே அதுவரை புரிந்துகொள்ளப்பட்ட சட்டம்.

உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1982 டிசம்பரில் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி பி.என். பகவதி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, முதல் போட்டவர்களுக்கு மட்டுமே உரிய சொத்தாக நிறுவனத்தைப் பார்க்கும் பழைய பார்வையை மறுத்தது. தொழில் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பைப் பேசும் அரசமைப்புச் சட்டத்தின் 43-ஏ கூறையும் துணைக்கு அழைத்தது. அந்த வாதத்தின் அடித்தளம் எளிமையானது. கலைப்பு உத்தரவு பிறந்த கணமே அது ஊழியர்களுக்கான பணிநீக்க அறிவிப்பாகக் கருதப்படும் என்று சட்டமே சொல்கிறது. ஒருவரின் வேலையைப் பறிக்கும் உத்தரவை அவரைக் கேட்காமலேயே பிறப்பிப்பது எப்படி இயற்கை நீதியாகும்? நீதிபதிகள் ஏ.என். சென்னும் ஈ.எஸ். வெங்கடராமையாவும் மாறுபட்டார்கள். யாருக்கு வழக்காட உரிமை என்பதைச் சட்டமன்றம் வகுத்திருக்கும்போது நீதிமன்றம் புதிய தரப்பைச் சேர்க்கலாமா என்ற அவர்களது ஐயம் அற்பமானதன்று. என்றாலும், பெரும்பான்மைத் தீர்ப்பே காலத்தில் நின்றது.

நீலகிரியின் கேத்தியில் உள்ள நீடில் இண்டஸ்டிரீஸ் வழக்கு வேறு வகையானது; ஒடுக்குமுறை என்றால் என்ன என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. ஊசி தயாரிக்கும் அந்த நிறுவனத்தின் 32,000 பங்குகளில் 18,990 பங்குகள் இங்கிலாந்துத் தரப்பிடம் இருந்தன. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்கை 40 விழுக்காட்டுக்குள் குறைக்க வேண்டிய நெருக்கடி. 1977 ஏப்ரலில் இயக்குநர் குழு 16,000 உரிமைப் பங்குகளை வெளியிட முடிவெடுத்தது. இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அழைப்புக் கடிதம் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. மே 2-ஆம் தேதிக் கூட்டத்தில் பங்குகள் அனைத்தும் இந்தியப் பங்குதாரர்களுக்கே ஒதுக்கப்பட்டன. பெரும்பான்மையாக இருந்தவர்கள் ஒரே நாளில் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினார்கள்.

1981 மே 7 அன்று உச்சநீதிமன்றம், இது ஒடுக்குமுறை அன்று என்றது. சட்டவிரோதமான ஒரு செயல் மட்டுமே ஒடுக்குமுறை ஆகிவிடாது. நேர்மையற்ற, தொடர்ந்து பாதிக்கிற நடத்தை இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒடுக்குமுறை நிரூபணமாகாவிட்டாலும் முழுமையான நீதி வழங்க நீதிமன்றத்துக்குக் கை கட்டப்படவில்லை என்று சொல்லி, இங்கிலாந்துத் தரப்புக்குக் கிடைத்திருக்க வேண்டிய 9,495 பங்குகளுக்குப் பங்கு ஒன்றுக்கு 90 ரூபாய் வீதம் 8,54,550 ரூபாயை இந்தியத் தரப்பு கொடுக்க வேண்டும் என உத்தரவிட்டது. தோற்றவருக்கு இழப்பீடு! தர்க்கத்துக்கு முரணாகத் தோன்றும் இந்த உத்தரவில்தான் நடைமுறை அறிவு இருக்கிறது என்பேன். பதவியும் அதிகாரமும் வேண்டி வழக்காடுவோரின் அடிமனத்தில் இருக்கும் கேள்வி, 'என் பங்குக்கு என்ன விலை?' என்பதே.

இதே வழியில், தந்தையும் மகனும் மட்டுமே பங்குதாரர்களாக இருந்த தமிழ்நாட்டு நூற்பாலை ஒன்றின் வழக்கிலும் 2008-இல் உச்சநீதிமன்றம் சென்றது. ஒடுக்குமுறை நிலைநாட்டப்படாவிட்டாலும் நிர்வாகம் முடங்கிக் கிடக்கும்போது, ஒருவரின் பங்கை மதிப்பிட்டு மற்றவர் வாங்கிக்கொள்ளச் சொல்வது சரியே என்றது. நூற்பாலை பிழைத்தது என்பதால் இதைச் சிறந்த முடிவு என்று கொள்ளலாம்.

வாய்மொழி ஒப்பந்தத்தை நம்பியிருப்போர் அறிய வேண்டிய இன்னொரு தமிழ்நாட்டு வழக்கும் உண்டு. இரு சகோதரர்கள் சரிபாதிப் பங்கோடு தொடங்கிய நிறுவனத்தில், எந்தக் கிளைக் குடும்பத்தார் பங்கை விற்றாலும் முதலில் அதே கிளைக்குள்தான் விற்க வேண்டும் என்று தமக்குள் பேசி வைத்திருந்தார்கள். அடுத்த தலைமுறையில் ஒருவர் அதை மீறி மறு கிளைக்கு விற்றார். சங்க விதிகளில் எழுதப்படாத கட்டுப்பாடு நிறுவனத்தையும் பங்குதாரரையும் கட்டுப்படுத்தாது என்று 1991-இல் தீர்ப்பானது. கவரைப்பேட்டைப் பகுதித் தொழில்முனைவோர் நிறுவனம் பதிவு செய்யும்போது, கணக்கர் தரும் அச்சிட்ட மாதிரி விதிகளிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவது வழக்கம். பங்குதாரர் விலகினால் விலையை யார் நிர்ணயிப்பது, எந்தத் தேதியில், தவணை உண்டா என்ற மூன்று வரிகளை அன்றே சேர்த்திருந்தால் பின்னால் எத்தனையோ வழக்குகள் பிறந்தே இருக்கா. நண்பர்களாக இருக்கும்போது பிரிவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நினைக்கிறோம். திருமணத்துக்கு முன்பே பாகப்பிரிவினை பேசுவதுபோல.

பெருங்குழுமங்களுக்கும் இதே நோய்தான். முருகப்பா குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் எம்.வி. முருகப்பனின் குடும்பத்துக்கு 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பங்கு இருந்தது. அவர் 2017-இல் மறைந்த பிறகு, மகள் வள்ளி அருணாசலம் இயக்குநர் குழுவில் இடம் கோரினார். 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் அந்தக் கோரிக்கை 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகளால் தோற்றது. விவகாரம் சென்னைத் தீர்ப்பாயத்துக்குச் சென்று, 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள்ளேயே சமரசமாக முடிந்தது. டிவிஎஸ் குடும்பம் இதைவிட நயமாக நடந்துகொண்டது: 2020 இறுதியில் உடன்பாடு, அதன்பின் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு நிறுவனங்களைப் பிரித்துக்கொள்ளும் திட்டம். எந்த ஆலையும் ஒரு நாள் நிற்கவில்லை.

டாடா சன்ஸ் நிறுவனத்தில் 18.37 விழுக்காடு வைத்திருக்கும் ஷாபூர்ஜி பலோன்ஜி குழுமம், 2021 மார்ச் 26 அன்று உச்சநீதிமன்றத்தில் தோற்றது. சிறுபான்மைப் பங்குதாரருக்கு இயக்குநர் குழுவில் விகிதாசார இடம் உரிமையாகாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. விலை பற்றிய சிக்கலையும் தரப்பினரே தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. 2025 அக்டோபரிலும் டாடா சன்ஸைப் பங்குச்சந்தையில் பட்டியலிட வேண்டும் என்று ஷாபூர்ஜி தரப்பு அறிக்கை விட்டுக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய குழுமத்துக்கே வெளியேறும் கதவு திறக்கவில்லை என்றால், வார்ப்படக் கூட்டாளியின் விதவை மனைவி எங்கே போவார்?

சிறுபான்மையாளர் எப்போதும் அப்பாவி என்றும் நான் சொல்ல வரவில்லை. கலைப்பு மனு ஒரு மிரட்டல் கருவியும்கூட. தீர்ப்பாயம் கலைப்புக்கு உத்தரவிட்டால், மனு தாக்கலான நாளிலிருந்தே கலைப்பு தொடங்கியதாகச் சட்டம் கருதும்; இடைப்பட்ட காலத்தில் நடந்த சொத்துப் பரிமாற்றங்கள் செல்லாமல் போகக்கூடும். இதை அறிந்த வங்கி, மனு பற்றிய செய்தி வந்ததும் ரொக்கக் கடன் வரம்பை இறுக்கும். உருக்காலைக்கு மின்கட்டணமும் பழைய இரும்புக் கொள்முதலும் அன்றாட ரொக்கத்தில் ஓடுபவை. வரம்பு நின்றால் உலை அணையும். வேறு நிவாரணம் இருந்தும் வேண்டுமென்றே கலைப்பைக் கேட்பவரின் மனுவைத் தள்ளுபடி செய்யத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. அதை மனு ஏற்கப்படும் நிலையிலேயே பயன்படுத்துவது நல்லது.

ஆயினும், தராசு பெரும்பான்மையாளர் பக்கமே சாய்ந்திருக்கிறது என்பதை இன்னொரு ஒப்பீடு காட்டும். முக்கால் பங்கு வாக்கு உள்ளவர், திவால் சட்டத்தின் 59-ஆவது பிரிவின்படி, கடன்களைத் தீர்க்க முடியும் என்ற உறுதிமொழியோடு தாமாகவே நிறுவனத்தைக் கலைத்துவிடலாம். கடன்காரர் ஒப்புதல் தேவைப்பட்டால் 270 நாள், தேவையில்லை என்றால் 90 நாள் என்று விதிகள் இலக்கு வைத்துள்ளன. நாம் கற்பனை செய்த 80 விழுக்காட்டுக்காரர், ஆலையைவிட ஆலை நிற்கும் நிலத்துக்கு விலை கூடிவிட்டது என்று கணக்குப் போட்டால், மூன்றே மாதத்தில் கதையை முடிக்க எண்ணலாம். 20 விழுக்காட்டுக்காரரின் மனுவுக்கு அப்படிப்பட்ட இலக்கு எதுவும் இல்லை. தலைவரையும் சேர்த்து 63 உறுப்பினர்கள் இருக்க வேண்டிய தேசியத் தீர்ப்பாயத்தில் காலியிடங்கள் தீராத குறை. வங்கிகளின் திவால் வழக்குகளுக்குக் காலக்கெடு இருப்பதால், பங்குதாரர் வழக்குகள் வரிசையில் பின்னுக்குப் போகின்றன. சென்னை ராஜாஜி சாலையில் வாய்தாக்கள் நீளும்போது நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்கள் எதிர்த்தரப்பின் கையிலேயே இருக்கின்றன.

செய்ய வேண்டியவை பெரிய சட்டத்திருத்தங்கள் அல்ல. மனு ஏற்கப்பட்ட சில வாரங்களுக்குள் சுதந்திரமான பதிவுபெற்ற மதிப்பீட்டாளரை நியமித்து, ஒரு விலையை மேசையில் வைத்துவிட்டால் பாதி வழக்குகள் அங்கேயே நின்றுவிடும். சிறுபான்மைப் பங்கு என்பதற்காக மதிப்பைக் குறைக்கும் வழக்கத்தை, கூட்டாண்மைத் தன்மையுள்ள நிறுவனங்களில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை; இங்கும் அது தெளிவான விதியாக வேண்டும். மதிப்பிடும் தேதி, மனு தாக்கலான நாளாக இருந்தால், இழுத்தடிப்பதில் எவருக்கும் லாபமிராது. நிறுவனங்கள் சட்டத்தின் 442-ஆவது பிரிவு சமரசக் குழுவுக்கு வழி வகுத்திருக்கிறது. குடும்ப வழக்குகளில் அதைத் தீர்ப்பாயம் தானாகவே நாடலாம். சிப்காட் மனைகள் 99 ஆண்டுக் குத்தகையில் தரப்பட்டவை என்பதால், அங்கே ஆலையைக் கலைத்துப் பங்கிடுவதற்கு நிலச் சொத்து என்று ஒன்று முழுமையாகக் கையில் இருப்பதில்லை. குத்தகையை மாற்ற சிப்காட்டின் ஒப்புதல் வேண்டும். பிரிந்துபோகும் பங்குதாரர்கள் மதிப்பீட்டின்போது அதிர்ச்சியடையும் இடம் இது.

தொழிலாளர் நிலைமை 1982-ஐவிட ஒருவகையில் பலவீனமாகியிருக்கிறது. 100 தொழிலாளருக்கு மேற்பட்ட ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்த வரம்பு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பால் 300 ஆகியிருக்கிறது. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிச் சிறு ஆலைகளில் நேரடிப் பணியாளர் எண்ணிக்கை அந்த வரம்பைத் தொடுவது அரிது. உலை முன் நிற்பவர்களில் பலர் ஒப்பந்ததாரர் வழியே வந்த பிற மாநிலத்தவர். ஆகவே, கோயம்புத்தூர் வழக்கு பெற்றுத்தந்த உரிமை, அதாவது கலைப்பு மனு விசாரணையில் தம் தரப்பைச் சொல்லும் உரிமை, அவர்களுக்கு எஞ்சியிருக்கும் சில பிடிகளில் ஒன்று. மனு பற்றிய விளம்பரம் நாளிதழின் ஓர் ஓரத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் வருகிறது. ஒடியாவோ இந்தியோ மட்டும் படிக்கத் தெரிந்த உலைத் தொழிலாளி அதைப் பார்க்க வாய்ப்பில்லை. ஆலை வாயிலில் அவருக்குப் புரியும் மொழியில் ஓர் அறிவிப்பை ஒட்ட வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட, எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை.